எரிச்சல் நீடிக்கிறதா? இரண்டாவது மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை

சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு மருந்து எடுத்து முடித்த பின்னரும் எரிச்சல் தீரவில்லை, அடிக்கடி சிறுநீர் வருகிறது, கழித்த பிறகும் மீதம் இருப்பது போல் தோன்றுகிறது, அடிவயிறு கனக்கிறது என்று கூறி வருவோரை எங்கள் புறநோயாளர் பிரிவில் அன்றாடம் காண்கிறோம். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, இராயபுரம் என வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் அவர்கள் வருகின்றனர். அவர்களுடைய பையில் பெரும்பாலும் இரண்டு மூன்று வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டைகள் இருக்கும். அவற்றுள் சில பாதி தீர்ந்தவை, சில முழுவதும் தீர்ந்தவை. ஆனால் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையின் அறிக்கை மட்டும் இருக்காது.

இந்நிலையைப் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. மருந்துக்குப் பின்னும் நீடிக்கும் தொல்லை உண்மையானது. அதைக் கற்பனை என்றோ மனப்பிரமை என்றோ ஒதுக்கக் கூடாது. அதே வேளையில், தொல்லை நீடிப்பதாலேயே தொற்றும் நீடிக்கிறது என்று முடிவு செய்யவும் கூடாது. ஆகவே கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்காமல் இரண்டாவது முறை ஆன்டிபயாட்டிக் தொடங்கலாகாது. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இதனைத் தங்கள் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து முடிந்த பின் நிகழ்வது என்ன?

சிறுநீர்ப்பையின் உட்சுவர் மெல்லிய படலத்தால் ஆனது. சிறுநீரில் உள்ள உப்புகளும் கழிவுகளும் சுவரைத் தாக்காமல் காப்பது அப்படலமே. தொற்று ஏற்படும்போது கிருமிகள் இப்படலத்தைப் புண்படுத்துகின்றன. அங்குள்ள நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. சரியான மருந்து கிருமிகளை ஓரிரு நாட்களில் ஒடுக்கிவிடும். ஆனால் புண்பட்ட படலம் அதே வேகத்தில் ஆறுவதில்லை. கண்ணில் விழுந்த தூசியை எடுத்த பின்னும் கண் சிறிது நேரம் உறுத்துவதைப் போன்றதே இது.

பொருத்தமான மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் தொல்லையின் பெரும்பகுதி குறைய வேண்டும். சிலருக்கு இலேசான எரிச்சலும் அவசர உணர்வும் ஒன்றிரண்டு வாரம் வரை தொடரலாம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருமானால் அஞ்ச வேண்டியதில்லை. மூன்றாம் நாளிலும் சற்றும் குறையாமல் இருந்தாலோ, குறைந்த பின் மீண்டும் கூடினாலோ, இரண்டு வாரத்தைக் கடந்தும் நின்றாலோ மருத்துவரை மறுபடியும் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் பலர் இதனைச் 'சூடு' என்றும் 'நீர்க்கடுப்பு' என்றும் சொல்லி இளநீர், மோர், பார்லிக் கஞ்சி ஆகியவற்றைப் பருகுவர். அதில் பிழை காண்பதற்கில்லை. நீர்மம் மிகுதியாக உட்செல்லும்போது சிறுநீரின் அடர்த்தி குறைந்து எரிச்சல் தணிகிறது. ஆயினும் இவை கிருமியைக் கொல்லும் மருந்துகள் அல்ல. மருந்துக்கடையில் கிடைக்கும் காரத்தன்மையுள்ள சிரப்பும் எரிச்சலைச் சற்றுத் தணிக்குமே தவிரத் தொற்றைத் தீர்க்காது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை கலந்த சர்பத் வகைகளை நாடாதிருப்பது நலம்.

கல்ச்சர் எதைச் சொல்கிறது?

ஆய்வகங்களில் உடனடியாகச் செய்யப்படும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, சீழ் அணுக்கள் உள்ளனவா என்பதைக் காட்டும். சீழ் அணுக்கள் அழற்சியின் அடையாளம். அழற்சிக்குக் காரணம் கிருமிதான் என்பதை அவை மெய்ப்பிப்பதில்லை. கல், வெள்ளைப்படுதல், காசநோய், அண்மையில் ஆறிவரும் தொற்று ஆகிய எதனாலும் அவை தோன்றலாம். கல்ச்சர் பரிசோதனை அவ்வாறன்று. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்தக் கிருமி, எவ்வளவு உள்ளது, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதை அது தெரிவிக்கிறது. இதற்கு ஏறத்தாழ 48 மணி முதல் 72 மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மூன்று நாள் காத்திருப்புதான் பலருக்குத் தடையாக நிற்கிறது. அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கு மறுபடியும் ஒரு நாள் மருத்துவமனைக்கு வருவது ஊதிய இழப்பு. மருந்துக்கடையில் ஓர் அட்டை வாங்குவது ஐந்து நிமிட வேலை. இந்தக் கணக்கை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் பொருந்தாத மருந்தை ஐந்து நாள் உண்டு, பின் மற்றொன்றை ஐந்து நாள் உண்டு, இறுதியில் காய்ச்சலுடன் படுக்கையில் சேர்வோரின் கணக்கையும் பார்க்க வேண்டும். பணமும் நாளும் அதில்தான் மிகுதியாகக் கரைகின்றன. ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இப்பரிசோதனைக்கு வசதி உண்டு. தொல்லை கடுமையாக இருந்தால், சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்த பின் மருத்துவர் உடனே ஒரு மருந்தைத் தொடங்கலாம். அறிக்கை வந்ததும் அதனை மாற்றவோ நிறுத்தவோ இயலும். நாங்கள் கேட்பதெல்லாம், முதல் மாத்திரைக்கு முன் சிறுநீர் மாதிரி ஆய்வகத்தைச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே.

மாதிரி எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. உறுப்பை நீரால் கழுவிய பின், சிறுநீரின் முதற்பகுதியை வெளியே விட்டு, இடைப்பகுதியை மட்டும் ஆய்வகம் தரும் தூய குப்பியில் பிடிக்க வேண்டும். குப்பியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது சிறந்தது. இயலாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். வெயிலில் பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணித்த சிறுநீரில் கிருமிகள் தாமாகவே பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். 'பலவகைக் கிருமிகள் கலந்துள்ளன' என்று அறிக்கை வந்தால் பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் குறை என்று பொருள். மறுபடியும் எடுப்பதே முறை.

முதியோரைப் பராமரிப்போருக்கு ஒரு சொல். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் வீசுகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தருமாறு மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். வயது முதிர்ந்தோர் பலருக்கும் நீரிழிவு உள்ள பெண்கள் சிலருக்கும் எந்தத் தொல்லையும் இன்றியே சிறுநீரில் கிருமிகள் இருப்பதுண்டு. தொல்லை தராத கிருமிக்கு மருந்து தருவதால் நன்மை இல்லை. கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாவோரும் இதற்கு விதிவிலக்கு. கருவுற்றோருக்குத் தொல்லை இல்லாவிட்டாலும் மருந்து தர வேண்டும்.

சென்னை அறிந்த பாடம்

கல்ச்சரை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்கு நம் நகரத்தின் அனுபவமும் காரணம். 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மிக வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் மரபணுவைச் சுமந்த கிருமிகளைப் பற்றிப் பேசியது. அக்கிருமி மாதிரிகளுள் 44 சென்னையிலிருந்து கிடைத்தவை. இரண்டாண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல இதே சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை நெறிப்படுத்த வேண்டிய வழிமுறைகளை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது அறியப்படுகிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை, 46 மருந்துகளை மருத்துவரின் சீட்டு இன்றி விற்கக் கூடாது என்றும், வாங்குபவர், எழுதிய மருத்துவர் ஆகியோரின் விவரங்களைப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்றும் விதித்தது. அட்டையின் மீது காணப்படும் சிவப்புக் கோடும் 'சீட்டின்றி வாங்காதீர்' என்னும் எச்சரிக்கையே.

சட்டம் இருக்கிறது. ஆயினும் 'போன தடவை கொடுத்த அதே மாத்திரை' என்று கேட்டு வாங்கும் வழக்கம் ஓயவில்லை. சிறுநீர்த்தொற்றை மிகுதியாக உண்டாக்கும் ஈ.கோலை என்னும் கிருமி, முன்பு எளிதில் அடங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு இன்று நம் நாட்டில் பெரும்பாலும் அடங்குவதில்லை. அதே கிருமி நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின் ஆகிய பழைய மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்குகிறது. ஆனால் அவையும் சிறுநீர்ப்பையளவில் நிற்கும் தொற்றுக்கே ஏற்றவை. சிறுநீரகத்தை எட்டிய தொற்றுக்குப் போதா. எது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் செயல்திறனையும் கல்ச்சர் அறிக்கையையும் பார்த்தே தீர்மானிக்க முடியும். அண்டை வீட்டாருக்குக் குணம் தந்த மாத்திரை நமக்கும் தரும் என்பதற்கு உறுதி இல்லை.

'ரிப்போர்ட் நார்மல்' என்றால்?

கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று வரும்போதுதான் நோயாளிகள் பலர் கைவிடப்பட்டதாக உணர்கின்றனர். 'ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்னும் சொல் அவர்களை மருந்துக்கடைக்கே திருப்பி அனுப்புகிறது. கிருமி இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் தேடல் அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டுப் பிற காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வதே அப்போது செய்யத்தக்கது.

ஆன்டிபயாட்டிக்கே சில பெண்களுக்குப் புதிய தொல்லையைத் தருகிறது. பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, பூஞ்சைத் தொற்று தோன்றி, அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் ஏற்படும். சிறுநீர் அப்பகுதியில் படும்போது எரியும். இதற்கு மற்றொரு ஆன்டிபயாட்டிக் தந்தால் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது போலாகும். நீரிழிவுக்குத் தரப்படும் மாத்திரைகளுள் ஒருவகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. அதனாலும் அடிக்கடி சிறுநீர் வரலாம், பூஞ்சைத் தொற்றும் உண்டாகலாம். எனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதே நேரத்தில் நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பும் சிறுநீர்த்தாரையும் வறண்டு மெலிகின்றன. எரிச்சலும், திரும்பத் திரும்ப வரும் தொற்றும் அதன் விளைவுகள். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இவர்களுள் பலருக்கு நல்ல பயன் தருகிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் இதனைத் தொடங்கும் முன் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். 'இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது' என்று கூசிப் பல ஆண்டுகள் பொறுத்திருக்கும் தாய்மார்களை அறிவோம். வீட்டில் உள்ள மகளோ மருமகளோ உடன் வந்து எடுத்துச் சொன்னால் அக்கூச்சம் பாதி குறையும்.

ஆண்களுக்குத் தொற்று வந்து தொல்லை நீடித்தால் புராஸ்டேட் சுரப்பியைக் கவனிக்க வேண்டும். சுரப்பி வீங்கிச் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கினால் அங்கே கிருமி குடியேறும். கருப்பை இறக்கம் உள்ள பெண்களுக்கும், நீண்டகால நீரிழிவால் சிறுநீர்ப்பை நரம்பு தளர்ந்தவர்களுக்கும் இத்தேக்கம் ஏற்படும். சிறுநீர் கழித்த பின் எவ்வளவு மீதம் நிற்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிதில் காட்டிவிடும். கல் இருந்தாலும் அதில் தெரிய வாய்ப்புண்டு. குழந்தைகளுக்கு மலச்சிக்கலே இத்தொல்லை நீடிக்கக் காரணமாவது உண்டு.

நம் நாட்டில் மறக்கக் கூடாத மற்றொன்று சிறுநீர்ப்பாதைக் காசநோய். சீழ் அணுக்கள் தொடர்ந்து காணப்பட்டும் சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி வழக்கமான கல்ச்சரில் வளர்வதில்லை. அதற்குத் தனிப் பரிசோதனைகள் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினும் அதன் இனத்தைச் சேர்ந்த லிவோஃப்ளாக்சசின் போன்றவையும் காசநோயைத் தீர்க்காமல் சிறிது காலம் அடக்கி மறைத்துவிடக்கூடும். காரணம் அறியாமல் அவற்றைத் திரும்பத் திரும்ப உண்பதில் உள்ள பேராபத்து இது.

இவை யாவும் இல்லை என்றான பின், மிகைச் செயல்பாடுள்ள சிறுநீர்ப்பை, சிறுநீர்ப்பை வலி நோய், இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம் ஆகியவற்றைக் கருத வேண்டும. வலிக்கு அஞ்சி நாட்கணக்கில் தசைகளை இறுக்கிப் பழகியவர்களுக்குத் தொற்று நீங்கிய பின்னும் அவ்விறுக்கம் நீங்குவதில்லை. இயன்முறைப் பயிற்சியால் அது தளரும். இவற்றுள் எதற்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தாகாது.

வேலையிடமும் சிறுநீர்ப்பையும்

மருத்துவமனைக்கு வெளியே தீர வேண்டிய சிக்கலும் உண்டு. விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று, மதியம் வீடு திரும்பும் பெண்கள் அதுவரை தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். அருந்தினால் ஒதுங்க இடமில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுடன் மணிக்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநர்களின் நிலையும் வேறன்று. பள்ளிக் கழிவறைக்குச் செல்ல அஞ்சி மாலை வரை அடக்கிக்கொள்ளும் சிறுமியர் எத்தனையோ பேர். நீர் குறைவாக அருந்துவதும், சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தொற்றுக்கு வழிவகுக்கும். தொற்று ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

2018 இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அடிக்கடி தொற்று வந்த, குறைவாக நீர் அருந்தும் வழக்கமுடைய 140 பெண்களுள் ஒரு பாதியினர் ஓராண்டுக் காலம் நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் நீர் அருந்தினர். அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் அருந்திய மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று ஏற்பட்டது. மாத்திரை இன்றியே தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைக் கடக்கக் கூடாது.

ஆனால் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சீட்டில் எழுதுவது எளிது. ஒதுங்க இடம் இல்லாதவர் அதனை எங்ஙனம் பின்பற்றுவார்? தொழிற்சாலைகளில் ஆண், பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அமரும் உரிமையைப் போன்றதே, தேவைப்படும்போது கழிவறைக்குச் சென்று வரும் உரிமையும். தூய்மையும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிவறை, சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் லாரிகள் நிற்கும் சாலையோரத்திலும் இருக்குமானால் எங்கள் புறநோயாளர் வரிசை குறையும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை

தொல்லை நீடிப்பவர்கள் மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதிவர வேண்டுகிறோம். எந்நேரத்தில் சிறுநீர் கழித்தீர்கள், ஏறத்தாழ எவ்வளவு, எப்போது என்ன அருந்தினீர்கள், எரிச்சல் கழிக்கும்போதா, கழித்த பின்பா என்பவற்றை ஒரு தாளில் குறித்தால் போதும். எழுத இயலாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவலாம். பகலில் ஏழெட்டு முறையும் இரவில் ஒருமுறையும் சிறுநீர் கழிப்பது இயல்பே. காபி, தேநீர், குளிர்பானங்கள் ஆகியவை எரிச்சலைக் கூட்டுகின்றனவா என்பதும் இக்குறிப்பில் புலப்படும். தொற்று இல்லை என்று உறுதியான பின், அவசர உணர்வு மட்டும் நிற்குமானால், கழிக்கும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டிச் சிறுநீர்ப்பையைப் பழக்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பொறுமை வேண்டும்.

வரும்போது இதுவரை உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: 'கல்ச்சர் எடுக்கப்பட்டதா? அதில் வளர்ந்த கிருமிக்கு இந்த மருந்து பொருந்துமா? கிருமி இல்லையென்றால் என் தொல்லைக்கு வேறு என்ன காரணம்?' இக்கேள்விகளால் எந்த நல்ல மருத்துவரும் மனம் வருந்தமாட்டார்.

சில அறிகுறிகள் தோன்றினால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே வர வேண்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்திலோ முதுகிலோ வலி, தொடர் வாந்தி, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல், முதியோருக்குத் திடீரென நினைவு தடுமாறுதல் ஆகியவை அவை. கருவுற்றோர், சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டோர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு எந்தத் தொல்லையையும் நாட்கடத்தக் கூடாது. சிறுநீரில் குருதி கலந்து வந்து, தொற்று நீங்கிய பின்னும் தொடர்ந்தால், வலி இல்லாவிட்டாலும் கட்டாயம் ஆராய வேண்டும். குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஆன்டிபயாட்டிக் அரிய மருந்து. தேவையான இடத்தில் அது உயிரைக் காக்கிறது. தேவையற்ற இடத்தில் செலவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காது. எரிச்சல் நீடித்தால் மருந்துக்கடைக்குச் செல்லும் முன் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தால், அதனை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே திரும்பி வாருங்கள்.